மூன்றாம் துண்டுக்கு என்ன வேலை

எழுபத்து நாலாம் ஆண்டு ஆவணி மாதம் மேட்டுக்கந்தைத் தோட்டத்தில் ஒரு பெருவிரல் ரேகையின் விலை ஒரு றாத்தல் சீனி. பங்கீட்டுக் கூப்பனுக்கு மாதம் முழுவதும் கிடைக்கிற சீனி ஓர் உள்ளங்கையில் அடங்கிவிடும் காலம் அது. மாத்தளைக் கடைத்தெருவில் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு வெறுந்தேத்தண்ணி குடித்தார்கள். கருப்பட்டியும் இல்லாதவர்கள், கடிக்கிறவர்களைப் பார்த்துக்கொண்டு குடித்தார்கள். ஆகவே விலை மோசம் என்று யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. இத்தனைக்கும், மிளகும் கராம்பும் சாதிக்காயும் வாங்கி விற்கிற வீட்டில் பிறந்தவன் நான். எங்கள் வீட்டில் பிள்ளைகள் 'அம்மா' சொல்வதற்கு முன் 'விலை கட்டாது' என்று சொல்லும்.

மேட்டுக்கந்தை, பல்லேபொலவுக்கு மேலே கொக்கோவும் மிளகும் கலந்து நிற்கும் தோட்டம். லயம் என்கிற வரிசை வீட்டில், காம்பரா என்கிற ஒற்றை அறைக்கு ஒன்றாக, முப்பத்தெட்டுக் குடும்பம். பாதிப் பேருக்கு அந்தோனியார், பாதிப் பேருக்கு மாரியம்மன், மழை பெய்யாவிட்டால் எல்லோருக்கும் இரண்டு பேரும். வாசிக்கத் தெரிந்தவர்கள் குறைவு. எனவே மிளகு வாங்க மேலே ஏறும் போதெல்லாம் நான் கடுதாசி வாசித்துக் கொடுத்துவிட்டுத்தான் தராசைத் தொட முடியும்.

கடுதாசிகள் எல்லாம் இந்தியாவிலிருந்து வருபவை. இரு நாட்டு ஒப்பந்தத்தில் கப்பலேறிப் போன சொந்தக்காரர்கள் எழுதுவது. ஒரு பக்கம் முழுவதும் சித்தப்பா சுகம், சித்தி சுகம், கறுப்புப் பசு சுகம். சாவோ கல்யாணமோ, கடைசி இரண்டு வரியில்தான் இருக்கும். அதனால் தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டாகிவிட்டது. கடுதாசியை நீட்டும்போதே, "வால மட்டும் வாசிங்க" என்பார்கள். வால் நல்லதாக இருந்தால்தான் தலைக்குப் போவார்கள்.

அந்தச் சனிக்கிழமை தோட்டத்து ஆபீசுக்கு முன்னால் மேசை போட்டிருந்தார்கள். மேசையில் மைத்தட்டு. பக்கத்தில் ஒரு றாத்தல் வீதம் பொட்டலம் கட்டிய சீனி. மேசைக்குப் பின்னால் கிளாக்கர் விஜயரத்தினம். ஊர் யாழ்ப்பாணப் பக்கம். சட்டையின் மேல் பொத்தானைக்கூடத் திறந்துவிடாத மனிதர். முதல்நாள் மாலை காம்பராவுக்கு ஒன்றாக ஓர் அச்சடித்த காகிதம் கொடுத்திருந்தார்கள். அதில் விரல் வைத்துக் கொடுத்தால் சீனி.

சவரியம்மா என்னிடம் காகிதத்தை நீட்டினாள். களை வெட்டுகிற கூட்டத்தில் மூத்தவள். புருஷன் செபஸ்தியனுக்கு நெஞ்சில் சளி. காம்பராவிலிருந்து அந்தோனியார் கோயிலுக்குப் போவதற்குள் இரண்டு இடத்தில் உட்காருகிறவர்.

"சின்ன முதலாளி, வால வாசிங்க."

வாசித்தேன். "ஒத்துழைப்பு நல்கும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு றாத்தல் சீனி அன்பளிப்பாக வழங்கப்படும். நன்றி."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். வச்சிட்டு வாங்கிக்கோங்க" என்றேன். எனக்கு மிளகு நிறுக்கிற அவசரம்.

பின்னால் நின்ற திரேசம்மாவுக்கு அது போதும். கைக்குழந்தையை இடுப்பில் இறுக்கிக்கொண்டு போய் விரலை ஒற்றினாள், பொட்டலத்தை வாங்கினாள், லயத்துக்கு ஓடினாள். அன்று காலை மேட்டுக்கந்தையில் முதலில் கொதித்த தண்ணீர் அவளுடையதுதான்.

சவரியம்மா அசையவில்லை. காகிதத்தைக் கையில் தூக்கி, வெயிலுக்குப் பிடித்துப் பார்த்தாள்.

"வாலு இத்தினியூண்டு இருக்கு. ஒடம்பு இவ்வளவு நீளமா இருக்கே, முதலாளி. சீனி குடுக்கிறதுக்கு எந்தத் தொர இவ்வளவு எழுதுவான்?"

"மரியாதைக்கு எழுதியிருப்பாங்க."

"எங்களுக்கா?" என்றாள். "எத்தன துண்டு இருக்கு?"

"நாலு பத்தி."

"ஒவ்வொண்ணா வாசிங்க. பிரட்டுல ஆளுக்கு ஒரு வேலன்னு பிரிச்சு வுடுறாங்கல்ல? இந்த நாலு பேருக்கும் என்னென்ன வேல குடுத்து அனுப்பியிருக்காங்கன்னு பாப்போம்."

காலையில் ஆட்களை நிறுத்தி, செக்ரோல் என்கிற வேலைப் பதிவேட்டில் பெயர் போட்டு, வேலை பிரிப்பதைத்தான் தோட்டத்தில் பிரட்டு என்பார்கள். சங்கு ஊதியதும் போய் முப்பத்தைந்து வருஷம் பிரட்டில் நின்றவள் கேட்கும்போது மறுக்க முடியவில்லை. முதல் பத்தியை வாசித்தேன். "பரம்பரை பரம்பரையாக இத்தோட்டத்தின் செழிப்புக்கு உழைத்துவரும் தொழிலாளர்களின் நலனில் நிர்வாகம் என்றென்றும் அக்கறை கொண்டுள்ளது."

"இவருக்கு என்ன வேல?"

"புகழறது."

"தப்பு மேளம் அடிக்கிறவரு. முன்னால அடிச்சிக்கிட்டுப் போவட்டும். அடுத்தவரு?"

"நாட்டில் நிலவும் உணவுத் தட்டுப்பாட்டைப் போக்கும் வகையில், லக்கலப் பகுதியில் பயிர்ச்செய்கைக்கு உகந்த காணிகளில் தொழிலாளரைக் குடியமர்த்துவது நிர்வாகத்தின் கவனத்திற்கு எடுக்கப்பட்டுள்ளது."

"இவரு?"

"கஷ்டத்தச் சொல்லி, அதுக்கு ஒரு வழியும் சொல்றாரு."

"காணி எப்ப குடுப்பாங்களாம்?"

தேடினேன். தேதி இல்லை. "கவனத்துல இருக்காம்."

"காணி இவங்க கவனத்துல இருக்கு. யானை காணியில இருக்கு" என்றாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். லக்கலப் பக்கம் பஸ் போவதை விட யானை போவது அதிகம் என்று எல்லோருக்கும் தெரியும். "மூணாவது துண்டு?"

மூன்றாவதை வாசிக்கத் தொடங்கிய பிறகுதான் என் நாக்கு மெதுவாகியது. "இதன் பொருட்டு, கீழே விரலடையாளம் இடுவோர் தமது சொந்த விருப்பின்பேரில் செக்ரோலிலிருந்து பெயரை நீக்கிக்கொள்ளவும், தற்போது வசிக்கும் லயக் காம்பராவை முப்பது நாட்களுக்குள் ஒப்படைக்கவும் இணங்குகின்றனர்."

சிரிப்பு நின்றது.

என் முகத்தில் ஈ உட்கார்ந்திருந்தாலும் ஓட்டியிருக்க மாட்டேன். ஏனென்றால் அந்தக் காகிதத்தின் கட்டு எனக்குப் புதிதல்ல. எங்கள் அப்பா கராம்பு வாங்குகிற முறை அதுவேதான். முதலில், உங்கள் கராம்பைப் போல மாத்தளையில் உண்டா. பிறகு, இந்த வருஷம் கொழும்பில் யாருமே கராம்பு கேட்கவில்லை, என்ன செய்வது. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, வாய்க்குள் விலை. விலை காதில் விழுவதற்குள், "ரபாயேல், ஐயாவுக்குத் தேத்தண்ணி கொண்டா." வந்தவர் தேத்தண்ணியை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டு வீடு போவார். இருபது வருஷம் அந்தத் தேத்தண்ணியைக் கொண்டுபோன கை என்னுடையது. அதே கை காகிதத்தைப் பிடித்துக்கொண்டு வாலை மட்டும் வாசித்து, விரல் வை என்று சொல்லிவிட்டது.

சவரியம்மாவுக்கு ஆச்சரியமே இல்லை.

"பூசையிலயும் காணிக்கைத் தட்டு நடுவுலதானே வரும். எல்லாரும் பாடிக்கிட்டு இருக்கிறப்ப. தலையிலயும் வராது, வாலுலயும் வராது." பிறகு விரலை மடக்கிக்கொண்டு சொன்னாள். "அவங்க குடுக்கிறதுக்குத் தேதி கெடையாது. நாங்க குடுக்கிறதுக்கு முப்பது நாளு. அப்புறம் அந்த மொதல் சொல்லு என்ன சொன்னீங்க?"

"இதன் பொருட்டு."

"எதன் பொருட்டு? பஞ்சம் நாட்டுக்கு. காம்பரா எனக்கு. நாட்டுக்குப் பசிச்சா என் காம்பராவ எப்பிடித் திங்கும்? ரெண்டாவது துண்டுக்கும் மூணாவது துண்டுக்கும் நடுவுல பாலமே இல்ல. ஒரு சொல்லப் போட்டுத் தாண்டியிருக்கான்."

காகிதத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு நேராக மேசைக்குப் போனாள். வரிசை அவளுக்கு வழிவிட்டது.

"கிளாக்கர் ஐயா, இத எல்லாருக்கும் கேக்கிற மாதிரி வாசிங்க."

விஜயரத்தினம் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "முதலாளி, நீங்கள் மிளகு வாங்க வந்தனீங்கள். உங்களுக்கு ஏன் உந்த வேலை?"

"வால வாசிச்சது நான்தான் ஐயா. மிச்சத்த நீங்க வாசிச்சாக் கணக்குச் சரியாகும்" என்றேன். அந்த வருஷத்து மேட்டுக்கந்தை மிளகு எனக்கு இல்லை என்பது அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. அது கண்டியிலிருந்து வந்த ஒருவருக்குப் போனது.

கிளாக்கர் எழுந்து நின்று வாசித்தார். முதல் பத்தியைப் பள்ளிக்கூடப் பரிசளிப்பு விழாவில் வாசிப்பதுபோல நிறுத்தி நிறுத்தி வாசித்தார். இரண்டாவதையும் அப்படியே. மூன்றாவது வந்ததும் ஒரே மூச்சு.

"ஐயா" என்றாள் சவரியம்மா. "மொதத் துண்ட ராகம் போட்டீங்க. மூணாவதுல மட்டும் ரயிலப் பிடிக்கப் போறீங்களா? அதுக்கும் ராகம் போடுங்க."

"சவரியம்மா, நானும் சம்பளத்துக்கு நிக்கிறவன். சொன்னதைச் செய்யிறன்."

"ஒங்கள ஏசல்லையே. நிறுத்தி வாசிக்கத்தான் சொல்றேன்."

மனிதர் கழுத்துப் பொத்தானைத் திறந்துவிட்டு, மூன்றாம் பத்தியைச் சொல் சொல்லாக வாசித்தார். 'முப்பது நாட்களுக்குள்' என்பதை, யாரும் கேட்காமலே, இரண்டு முறை வாசித்தார். அந்த இரண்டாம் முறைக்காக அவரை நான் இன்றும் மதிக்கிறேன்.

திரேசம்மா அப்போதுதான் லயத்திலிருந்து திரும்பி வந்தாள். குழந்தையின் உதட்டில் இன்னும் தேத்தண்ணி ஈரம். பக்கத்தில் நின்றவர்கள் சொன்னதைக் கேட்டு அவள் முகம் கறுத்தது. பொட்டலத்தை எடுத்துவந்து மேசையில் வைத்தாள். வாய் பிரிந்து, கால்வாசி குறைந்திருந்தது.

"என் கடுதாசியக் குடுங்க."

"விரல் வச்சால் வச்சதுதான். திரும்பக் குடுக்க எனக்கு அதிகாரமில்லை."

"அவ நடுத்துண்டக் கேக்காம வச்சா. நீங்க நடுத்துண்ட வாசிச்சுக் காட்டாம வாங்குனீங்க" என்றாள் சவரியம்மா. "ரெண்டு பேரும் தப்பு. தப்பு யாவாரம் நிக்குமான்னு முதலாளிகிட்டயே கேளுங்க."

"நிக்காது" என்றேன். எங்கள் கடைத்தெருவில் அது எத்தனை தடவை நின்றிருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை.

கிளாக்கர் காகிதம் கிடந்த மேசை லாச்சியைத் திறந்தார், மூடினார். "நான் தண்ணி குடிச்சிட்டு வாறன்" என்று சொல்லி உள்ளே போனார். லாச்சி முழுதாக மூடவில்லை. திரேசம்மா தன் காகிதத்தை எடுத்து நாலாக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். முப்பத்தேழு பொட்டலம் சீனி மேசையில் அப்படியே இருந்தது. எறும்பைத் தவிர யாரும் அதைத் தொடவில்லை.

திங்கட்கிழமை தொடங்கியது நிர்வாகத்தின் பதில். சங்கு ஊதியது, ஆட்கள் பிரட்டுக்குப் போனார்கள், பெயர் போடவில்லை. பெயர் விழாவிட்டால் சம்பளம் இல்லை. "காம்பராவுல போய் இருங்க" என்றான் கங்காணி. "நாங்க வேலைக்கு வந்திருக்கோம், நீங்க எழுதாட்டியும் நிப்போம்" என்று பதினோரு மணி வரை நின்றார்கள். செவ்வாயும் நின்றார்கள். வியாழக்கிழமை செபஸ்தியனும் கோலை ஊன்றிக்கொண்டு வந்து, வழியில் இரண்டு இடத்தில் உட்கார்ந்து, மூன்றாவது இடமாகப் பிரட்டுக் களத்தில் உட்கார்ந்தார்.

சனிக்கிழமை மத்தியானம் நான் பேனாவும் காகிதமும் கொண்டு மேலே ஏறினேன். கோயில் படியில் உட்கார்ந்து தொடங்கினேன். "கனம் துரை அவர்களுக்கு, தாங்கள் நலமாக..."

"அடிங்க அத" என்றாள் சவரியம்மா.

"ஒரு மரியாதைக்கு."

"மரியாத நெஞ்சுல இருந்தா நடுவுல எதையும் ஒளிக்க வேண்டியதில்ல. மொத வரியிலயே போடுங்க, நாங்க போவ மாட்டோம்னு. தலையிலயே இருக்கட்டும். ஆனா, அவரும் வால மட்டும் வாசிக்கிற ஆளா இருந்தா?"

"அப்ப வாலுல என்ன போடுறது?"

"எண்ணிக்க."

"நடுவுல?"

"காரணம். போவ மாட்டோம், ஏன்னா. அந்த 'ஏன்னா'வ மட்டும் ஒழுங்காக் கட்டுங்க. ஒண்ணுலருந்து ஒண்ணுக்கு நடந்து போவணும், தாண்டக் கூடாது."

என் வாழ்க்கையில் நான் எழுதிய மிகக் கஷ்டமான கடிதம் அது. ஒவ்வொரு வரியையும் திருப்பி வாசிக்கச் சொன்னாள். "இவருக்கு என்ன வேல" என்று கேட்டாள். வேலை இல்லாத வரியை அடித்தாள். என்னுடைய நல்ல நல்ல சொற்கள் எல்லாம் அப்படித்தான் போயின. முடிந்தபோது ஒரு பக்கம்கூட இல்லை. முப்பத்தெட்டுக் குடும்பமும் கேட்டுக்கொண்டு நிற்க, தலையிலிருந்து வால் வரை மூன்று முறை வாசித்த பிறகுதான் விரல் வைத்தார்கள். திரேசம்மா கடைசியாக வைத்தாள். வைப்பதற்கு முன் நாலாம் தடவையும் வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன்.

அன்றே மாத்தளைத் தபால் கந்தோரில் பதிவுத் தபாலில் போட்டேன். திங்கட்கிழமையும் செவ்வாயும் பெயர் விழவில்லை. புதன்கிழமை காலை கிளாக்கர் செக்ரோலை விரித்துப் பெயர் போட்டார். காம்பரா ஒன்றும் காலியாகவில்லை. எழுத்தில் பதில் எதுவும் வரவில்லை. அடுத்த காகிதத்தை இன்னும் நன்றாகக் கட்டுவார்கள் என்று சவரியம்மா சொன்னாள். கட்டட்டும், பிரிப்போம் என்றும் சொன்னாள்.

கடுதாசியின் ஒரு பிரதி என்னிடம் இருக்கிறது. அதன் கடைசித் துண்டு இது.

"குடும்பம் முப்பத்தெட்டு. போக விரும்புவோர் ஒருவரும் இல்லை. வைத்த விரல் ஒன்று. திரும்பப் பெற்றது ஒன்று. கொண்டுவந்த சீனி முப்பத்தெட்டு றாத்தல். திரும்பியது முப்பத்தேழே முக்கால். வேலைக்கு வந்து நின்றவர்கள் ஒரு நாளைக்கு எழுபத்தொரு பேர், நாள் ஆறு, போட வேண்டிய பெயர் நானூற்று இருபத்தாறு, போட்டது ஒன்றும் இல்லை. நாங்கள் உங்களுக்குத் தர வேண்டியது கால் றாத்தல் சீனி. நீங்கள் எங்களுக்குத் தர வேண்டியது நானூற்று இருபத்தாறு பெயர்."