அரங்கேற்றம் முடியும் வரை

கொசுவத்தை மடித்து இடுப்பில் செருகப் போன பெரியநாயகியின் கை பாதியில் நின்றது. கட்டிலிலிருந்து வந்துகொண்டிருந்த மூச்சின் இரைச்சலைக் காணவில்லை. தீபாவளிக்குப் பிறகு இரவும் பகலும் அந்த வீட்டில் ஒலித்துக்கொண்டிருந்த இரைச்சல் அது. ஒலித்தபோது அவள் அதைக் கவனித்ததில்லை. நின்றபோதுதான் காதில் விழுந்தது.

"ஏனுங்க," என்றாள். பிறகு சற்று உரக்க, "ஏனுங்க."

ராசப்பனின் கண்கள் பாதி மூடியிருந்தன. வாய் முழுவதும் திறந்திருந்தது. புது இலைப்பச்சைச் சேலை தரையில் புரள அவள் கட்டிலருகே ஓடி, அவருடைய நெஞ்சின்மீது கையை வைத்தாள். வைத்த கையை எடுக்க அவளுக்குப் பயமாக இருந்தது.

"ஜெகா," என்று அழைத்தாள்.

வாசலில் தண்ணீர்ப் புட்டிப் பெட்டிகளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டிருந்த மகன் ஜெகதீஸ்வரன் உள்ளே வந்தான். தகப்பனின் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தான். குனிந்து நெஞ்சில் காது வைத்தான். நிமிர்ந்தபோது அவன் முகம் வெளுத்திருந்தது. பெரியநாயகி வயிற்றிலிருந்து எழுந்த அழுகையை வெளியே விட வாயைத் திறந்தாள். அதற்குள் அவனுடைய உள்ளங்கை அவள் வாயை மூடியது.

"சத்தம் போடாதீங்கம்மா. உங்க காலப் புடிச்சுக் கேக்கறேன். கொஞ்ச நேரம் சத்தம் போடாதீங்க."

அன்று மாலை மோகனூர்ச் சந்தைத் திடலில் வள்ளி கும்மி அரங்கேற்றம். ஊர்க் கலை மன்றம் நடத்தும் விழா; மன்றத்தின் செயலாளர் ஜெகதீஸ்வரன். உள்ளூர்க் கலைஞர்களுக்குப் பொன்னாடை போர்த்திப் பாராட்டிவிட்டு, அதன் பிறகு கும்மி என்று ஏற்பாடாகியிருந்தது. மாதக்கணக்கில் பயிற்சி எடுத்த பெண்கள், பெரியநாயகியும் சேர்த்து, ஒரே இலைப்பச்சை நிறச் சேலையில், காலில் சலங்கை கட்டி ஆடுவதாக இருந்தது. அவர்களுக்குப் பாட்டுப் பாடிக் கொடுத்தவர் ராசப்பன். நோய் முற்றுவதற்கு முன்பே நாமக்கல்லுக்குப் போய்ப் பாட்டுகள் அனைத்தையும் பாடிப் பதிவு செய்து வைத்திருந்தார். அந்தக் குரலுக்குத்தான் ஆட்டம்.

ஆடும் பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் ராசப்பனின் பங்காளி வீட்டுப் பெண்கள். பங்காளிக்குள் ஒரு சாவு விழுந்தால் எல்லா வீடுகளுக்கும் தீட்டு. சாமி விளக்கு ஏற்றி வைத்த களத்தில் தீட்டுக்காரர்கள் கால் வைக்கக் கூடாது. இழவுச் செய்தி தெருமுனையைத் தாண்டினால் அத்தனை சலங்கைகளும் கழற்றப்படும்.

"வெளியூர்லிருந்து ஆளு வந்து எறங்கிட்டாங்கம்மா. பொம்பளைங்க எல்லாம் தலை சீவிக் கெளம்பி நிக்கறாங்க. ஆட்டம் முடியட்டும். முடிஞ்ச நிமிசம் நானே வந்து சொல்றேன். அப்புறம் நீங்க எவ்வளவு வேணா அழுவுங்க."

"இதை உங்கப்பா சொன்னாங்களா?"

"இருந்தா இதத்தாம்மா சொல்லியிருப்பாரு."

பெரியநாயகி கணவரின் பாதி மூடிய இமைகளை விரலால் இறக்கிவிட்டாள். தாய் பேசாதிருந்ததை அவன் சம்மதம் என்று எடுத்துக்கொண்டான். குளியலறைக்குள் போய்த் தாழிட்டுக் குழாயைத் திறந்துவிட்டான். தண்ணீர் விழும் ஓசைக்கு நடுவே வேறோர் ஓசையும் கேட்டது. முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தபோது அவன் கண்கள் மிளகாய்ப் பழம்போல் சிவந்திருந்தன.

"தலைமாட்டுல வெளக்கு வெக்கோணும் சாமி," என்றாள் பெரியநாயகி.

"வேண்டாம்மா. வெளிய தெரியும்."

"கால் வெரலையாச்சும் கட்டறேன். வாயைக் கட்டோணும். வெறைச்சுப் போச்சுன்னா அப்புறம் மூடாது."

"யாராச்சும் எட்டிப் பாத்தா என்னன்னு சொல்றது? தூங்கற மாதிரியே இருக்கட்டும். அண்டையில உக்காந்துக்குங்க. உங்களைக் கேட்டாங்கன்னா, அப்பாவை உட்டுட்டு வர முடியலைன்னு சொல்லிக்கறேன்."

அவன் போன பிறகு வீட்டில் மின்விசிறி மட்டும் சுழன்றது. மருமகள் வித்யா தலைப்பிரசவத்துக்காகத் தாய்வீடு போயிருந்தாள். பெரியநாயகி நாற்காலியைத் தலைமாட்டுக்கு இழுத்துப் போட்டு அமர்ந்து, கணவரின் தாடையை உள்ளங்கையில் ஏந்தி, மெல்ல மேலே தூக்கி மூடிப் பிடித்துக்கொண்டாள். துணியால் கட்டக் கூடாதென்றுதானே மகன் சொன்னான். கையால் பிடிக்கக் கூடாதென்று சொல்லவில்லையே. முன்னிரவு வரைக்கும் இப்படியே பிடித்திருந்தால் வாய் மூடியபடி இறுகிவிடும் என்று எண்ணினாள். அந்த மனிதருக்கு அப்போது அவளால் செய்ய முடிந்தது அது ஒன்றுதான்.

தெருவில் சலங்கைச் சத்தம் நெருங்கியது.

"ஏனுங்க்கா, பொறப்பட்டாச்சுங்களா இல்லையா?"

கந்தம்மாளின் குரல். ராசப்பனுக்குத் தம்பி முறையாகும் பங்காளியின் மனைவி, கும்மிக்குழுவின் முன்வரிசைக்காரி. அவள் அறை வரைக்கும் வந்துவிடுவாளே என்ற பதற்றத்தில் பெரியநாயகி தாடையை விட்டுவிட்டு எழுந்து வாசற்படிக்கு விரைந்தாள்.

"அட, மயிலாட்டம் சேலையக் கட்டிக்கிட்டு ஊட்டுக்குள்ளயே நின்னா எப்புடிங்க? ரெண்டாம் வரிசை ஓட்டைப் பல்லாட்டம் இருக்குமில்ல."

"நான் வரலை கந்தா. அவுங்களுக்கு முடியல."

"மச்சாண்டாரு நெம்ப வெவரமான ஆளுங்க. குரலை மட்டும் திடலுக்கு அனுப்பிச்சுப்போட்டு, பொண்டாட்டிய ஊட்டுலயே புடிச்சு வெச்சுக்கறாரு." கந்தம்மாள் சிரித்தாள். கையிலிருந்த மல்லிகைச் சரத்தில் ஒரு முழம் கிள்ளினாள். "சரி, திரும்புங்க. எல்லாருக்கும் வாங்குனது. ஆடலைன்னாலும் பூ வெச்சுக்கோணும்."

"எனக்கு எதுக்கு..."

"பூவை வேண்டாங்கப்படாதுங்க்கா."

தோளைப் பிடித்துத் திருப்பி அவளே கொண்டையில் பூவைச் செருகினாள். பெரியநாயகி கதவு நிலையை இறுகப் பற்றிக்கொண்டு நின்றாள். அப்படித் திரும்பி நின்றபோது அவளுடைய கண்ணுக்கு நேரே கட்டில் தெரிந்தது. கந்தம்மாளும் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"தூங்கறாங்களா?"

"தூங்கறாங்க."

"இப்ப எழுப்ப வேண்டாங்க. பேரைக் கூப்புடறப்ப மட்டும் எழுப்பிச் சொல்லுங்க, ஊரே கை தட்டும்." சொல்லிக்கொண்டே சலங்கை குலுங்கத் தெருவில் இறங்கி நடந்தாள்.

பெரியநாயகி திரும்பி வந்தபோது வாய் மறுபடியும் திறந்திருந்தது. முன்பைவிடக் கூடுதல் அழுத்தம் கொடுத்து மூட வேண்டியிருந்தது.

பொழுது சாய்ந்ததும் ஒலிபெருக்கி உயிர்பெற்றது. சந்தைத் திடல் அடுத்த தெருவுக்கு அப்பால். ஒவ்வொரு சொல்லும் வீட்டுக்குள் வந்து விழுந்தது. கோயில் மதில்களுக்கு வண்ணம் தீட்டும் ஈஸ்வர் மேடைக்கு அழைக்கப்பட்டார். திருமணங்களில் நாகசுரம் வாசிக்கும் குழந்தைவேல் அழைக்கப்பட்டார். களிமண்ணில் பொம்மை செய்யும் உஷாராணி டீச்சரின் பெயர் சொன்னபோது மாணவிகள் கூச்சலிட்டார்கள். நம் ஊர் என்பது கரும்பும் வாழையும் விளைகிற ஊர் மட்டுமன்று, கலையும் விளைகிற ஊர் என்று ஒருவர் பேசினார். ஒவ்வொரு பெயருக்கும் மக்கள் மனம் நிறைந்து கை தட்டினார்கள். தங்களுக்குள்ளேயே இத்தனை பேர் இருப்பதை அன்றுதான் கண்டுகொண்டவர்கள்போல் அந்தக் கைதட்டல் ஒலித்தது.

"அடுத்ததாக, நம் கும்மிக்குக் குரல் தந்த ஐயா ராசப்பன் அவர்கள்."

கைதட்டல் நெடுநேரம் நீடித்தது. பிறகு மகனின் குரல் கேட்டது.

"அப்பாவுக்கு உடம்பு சரியில்லைங்க. ஊட்டுல இருந்து கேட்டுக்கிட்டிருக்காருங்க. அவுரு சார்பா நான் வாங்கிக்கறனுங்க."

அவனுடைய குரல் ஓரிடத்திலும் தடுமாறவில்லை. இதற்கு அழுவதா, வியப்பதா என்று தாய்க்குத் தெரியவில்லை.

அதன்பின் கும்மி தொடங்கியது. ராசப்பனின் குரல் காற்றில் எழுந்தது. நோய் தொடாத குரல். கணீரென்று, சிறிது குறும்புடன், வள்ளியைக் கேலி செய்யும் இடத்தில் இழுத்து, முருகன் கிழவனாக வரும் இடத்தில் தளர்ந்து சென்றது. ஒவ்வோர் அடிக்கும் முன்னால் அவர் மூச்சை உள்ளிழுப்பதும் பதிவாகியிருந்தது. அத்தனை பெரிய ஒலிபெருக்கியில் அந்த மூச்சும் பெரிதாகவே கேட்டது. ஒவ்வொரு முறையும் அவளையறியாமல் அவளது மற்றொரு கை அவருடைய நெஞ்சின்மீது சென்று படிந்தது. பெண்கள் ஒரே நேரத்தில் அடி வைத்தபோது சலங்கைகளின் ஒலி மழை இறங்குவதுபோல் வந்தது. தாடையைப் பிடித்திருந்த கை மரத்துப்போயிற்று. அவள் கையை மாற்றிப் பிடித்தாள். மாற்றிய சிறுபொழுதில் வாய் சற்றே திறந்து, அப்படியே நின்றுகொண்டது. எவ்வளவு அழுத்தியும் பிறகு அது மூடவில்லை.

விழா முடிந்ததும் ஜெகதீஸ்வரன் பொன்னாடையோடு ஓடி வந்தான். அதைத் தகப்பனின் நெஞ்சின்மேல் விரித்தான். தெருவில் இறங்கினான். "அப்பா போயிட்டாருங்க, இப்பத்தானுங்க," என்று அவன் உடைந்து அழுவது உள்ளே கேட்டது.

பெண்கள் சலங்கையைக் கழற்றக்கூட நிற்காமல் ஓடி வந்தார்கள். வாசல் இலைப்பச்சைச் சேலைகளால் நிறைந்தது. எல்லாரையும் தள்ளிக்கொண்டு முதலில் நுழைந்தவள் கந்தம்மாள்.

"உங்க பாட்டுக்குத்தான ஆடிப்போட்டு வாரோம், அதுக்குள்ள கண்ண மூடிட்டீங்களே மச்சாண்டாரே," என்று கதறிக்கொண்டே அவர்மேல் விழுந்தாள். "ஏனுங்க்கா, வாயைக் கட்டாம உட்டிருக்கீங்க, துணி எடுங்க," என்று தாடையில் கை வைத்து அழுத்தினாள். அது அசையவில்லை. மறுபடியும் அழுத்தினாள். அவளுடைய அழுகை நடுவிலேயே நின்றது. ராசப்பனின் கையைத் தூக்கிப் பார்த்தாள். கை முழங்கையில் மடங்க மறுத்தது.

தலையைத் திருப்பி, பெரியநாயகியின் கொண்டையைப் பார்த்தாள்.

"எப்பங்க்கா?"

பெரியநாயகி தரையைப் பார்த்தாள்.

"எப்பன்னு கேட்டேன்."

"நீ வாரதுக்கு முந்தி."

"நான் பூ வெச்சுட்டேனே."

"வெச்சே."

கந்தம்மாள் தன் கையை விரித்துப் பார்த்தாள். பிறகு அதைச் சேலையில் துடைத்துக்கொண்டு எழுந்து வெளியே போனாள். வாசலில் அவள் என்ன சொன்னாளோ, அழுகைகள் ஒவ்வொன்றாக அடங்கின. அதற்குப் பதிலாக வேறு குரல்கள் எழுந்தன.

"தீட்டோட ஆட உட்டிருக்கானே. சாமி வெளக்குக்கு முன்னால."

"என்ற மருமவ வயித்துப் புள்ளையோட ஆடுனா. நாளைக்கு ஏதாச்சும் ஒண்ணுன்னா இவன் பதில் சொல்லுவானா?"

ஜெகதீஸ்வரன் கைகூப்பிக்கொண்டு ஓடினான். "சின்னம்மா, உங்களுக்காகத்தானுங்க. உங்க ஆட்டம் நின்னுபோயிருமேன்னுதானுங்க."

"எங்களுக்காகன்னா எங்களக் கேட்டயா சாமி?" என்றாள் கந்தம்மாள். அவள் குரலில் கோபம்கூட இல்லை. "கேட்டிருந்தா சலங்கையக் கழட்டி வெச்சுப்போட்டு வந்து உங்கப்பனுக்கு அழுதிருப்போம். ஆடறதுக்கு வேற நாள் வரும். இனி எந்த மொகத்தோட நான் அந்தக்காவக் கட்டி அழுவறது?"

ஆற்றில் தலை முழுகினாலொழிய வீட்டுப் படி ஏற முடியாதென்று யாரோ சொன்னார்கள். சலங்கைகளைக் கையில் பிடித்துக்கொண்டு பெண்கள் காவிரியை நோக்கி நடந்தார்கள். இனிக் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்ற பேச்சும் அவர்களோடு போயிற்று. ஆண்களில் சிலர் தெருமுனையில் நின்று பார்த்துவிட்டுக் கலைந்தார்கள். ஒரு மனிதன் இறந்தால் பெண்கள் வட்டமாக அமர்ந்து, ஒருத்தி தோளை ஒருத்தி கட்டி அழுவது அந்த ஊர் வழக்கம். ராசப்பனுக்கு அந்த வட்டம் கூடவில்லை.

ஜெகதீஸ்வரன் உள்ளே வந்து தாயின் காலடியில் அமர்ந்தான். "இப்ப அழுவுங்கம்மா," என்றான். "இனி யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. அழுவுங்க."

பெரியநாயகி வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. மாலையில் எழுந்ததை மாலையிலேயே விழுங்கியிருந்தாள்; அது இப்போது எங்கே கிடக்கிறதென்று அவளுக்கே தெரியவில்லை.

வாசலில் ஒரு சிறிய லாரி வந்து நின்றது. பந்தல் போடும் காத்தான் திடலிலிருந்து நாற்காலிகளை எடுத்துக்கொண்டு நேரே வந்திருந்தான். இழவு வீடு என்று மட்டும் கேள்விப்பட்டிருந்தான். அடுக்கடுக்காக இறக்கி, வாசலிலும் தெருவோரத்திலும் வரிசையாகப் போட்டு, குழல்விளக்கு ஒன்றையும் கட்டினான். பிறகு படியருகே வந்து நின்றான்.

"இன்னும் போடோணுங்களா அம்மிணி?"

"போட்டது போதும் காத்தா," என்றாள் பெரியநாயகி.

காத்தான் தெருவின் இரு பக்கமும் பார்த்தான். வெளிச்சத்தில் நாற்காலிகள் எல்லாம் வீட்டைப் பார்த்தபடி இருந்தன. அவன் தலைத்துண்டை அவிழ்த்துக் கடைசி வரிசையில் ஒரு நாற்காலியைத் துடைத்தான். துண்டை மடியில் வைத்துக்கொண்டு, அதில் உட்கார்ந்தான்.