கொடு, கொடுக்காதே

சர்க்கரை டப்பாவைக் கையில் எடுத்த நஜ்லா, திறக்காமலே திரும்ப வைத்தாள். துக்க வீட்டுக் காப்பி கசக்கத்தான் வேண்டும். பதினொரு மாதக் குழந்தையின் சாவுக்கும் அப்படித்தான்.

உள்ளறையில் கறுப்பு உடுத்திய பெண்கள் அவள் தங்கை இன்சாஃபைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள்.

"லமார் சொர்க்கத்துப் பறவைடி. வாசல்லயே உனக்காக நிப்பா," என்றாள் ஒருத்தி.

"ரெண்டு வாய் சாப்பிடு. இல்லன்னா நீயும் விழுந்துடுவே," என்றாள் இன்னொருத்தி.

இன்சாஃப் அக்காவின் கையை இழுத்து, காலையிலிருந்து கேட்டதையே கேட்டாள். "நான் பால் கொடுத்ததாலயா போனா? நிறுத்தினதாலயா?"

நஜ்லாவுக்குத் தெரியவில்லை. சனிக்கிழமை மாலை, பேதியும் வாந்தியுமாக இருந்த குழந்தையை டாக்டர் வஜ்தியின் கிளினிக்குக்குத் தூக்கிப் போனார்கள். தாய்ப்பாலை நிறுத்து, கஞ்சித் தண்ணீர் மட்டும் கொடு என்றார். இரவெல்லாம் குழந்தை மார்பைத் தேடிக் கத்தியது. மறுநாள் காலை அரசு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். அங்கே கூட்டத்துக்கு நடுவே, மேசையிலிருந்து தலை நிமிராமல், "பாலை நிறுத்தச் சொன்ன முட்டாள் யாரு? கொடு!" என்று கத்தியவரும் அதே வஜ்திதான். காலையில் ஆஸ்பத்திரி, மாலையில் சொந்த கிளினிக். எகிப்தின் தமன்ஹூரில் பாதி டாக்டர்கள் அப்படித்தான். நீங்கதானே என்று நஜ்லா வாயெடுத்தபோது, பேசாதே என்று இன்சாஃப் அவள் கையைக் கிள்ளினாள். பேதி நிற்காததால் மாலையில் மறுபடி கிளினிக். "பால் கொடுத்தியா? நீயெல்லாம் ஒரு தாயா?" மறுபடி நிறுத்தினாள். விடியுமுன் குழந்தை அடங்கிவிட்டது.

காப்பித் தட்டைப் படிக்கட்டின் அடியில் வைத்துவிட்டுத் திரும்ப வேண்டும். சந்தில் ஆண்களுக்குப் போட்ட நாற்காலிகள் பக்கம் பெண்கள் போவதில்லை. கதவுக்குப் பின்னால் நின்ற நஜ்லாவுக்கு அந்தக் குரல் கேட்டது.

"சொன்னதைக் கேட்டாத்தானே, ஹாஜியார்? பால் வேண்டாம்னு தெளிவாச் சொன்னேன்."

நஜ்லா வெளியே நடந்தாள். நேராகப் போய் வஜ்தியின் கையிலிருந்த கோப்பையைப் பிடுங்கினாள். காப்பி அவர் சட்டையில் தெறித்தது.

"இந்த வீட்டுக் காப்பி உங்களுக்குக் கிடையாது."

"நஜ்லா! உள்ள போ," என்று எழுந்தான் இன்சாஃபின் கணவன் சப்ரி. "மானம் போகுது."

"மானமா? உன் புள்ளையே போயிட்டா, சப்ரி." டாக்டர் பக்கம் திரும்பினாள். "ஞாயித்துக்கிழமை காலைல ஆஸ்பத்திரில பால் கொடுன்னது யாரு?"

"எவனாவது சின்னப் பையன் சொல்லியிருப்பான்மா."

"நீங்க. கண்ணாடி மூக்குல தொங்க, நீங்களேதான். உங்களையே முட்டாள்னு திட்டினீங்க."

அவர் யோசித்துப் பார்த்தார். உண்மையாகவே யோசித்தார், அதுதான் நஜ்லாவுக்கு இன்னும் எரிந்தது.

"ஒரு காலைல எத்தனை குழந்தைங்க வருது... முகம் ஞாபகம் இருக்குமா?"

"எங்களுக்கு உங்க முகம் ஞாபகம் இருக்கே! மேல வாங்க. என் தங்கச்சி ஒண்ணு கேக்குறா. கொடுத்தது தப்பா, நிறுத்தினது தப்பா? ஏதாவது ஒண்ணச் சொல்லுங்க. ஒண்ணே ஒண்ணு!"

சப்ரி டாக்டரையே பார்த்துக்கொண்டு நின்றான். இப்போது அவன் அவளை உள்ளே போகச் சொல்லவில்லை. வஜ்தி கைக்குட்டையால் சட்டையைத் துடைத்தார். "மீதி ஆயுள் உங்களுக்கு இருக்கட்டும்," என்று துக்க வீட்டில் எல்லோரும் சொல்லும் வார்த்தையை யாரையும் பார்க்காமல் சொல்லிவிட்டுச் சந்திலிருந்து வெளியே போனார்.

மேலே இன்சாஃப் அறையில் இல்லை. குளியலறைக் கதவு ஒருக்களித்திருந்தது. அவள் தொட்டிமேல் குனிந்து, பல்லைக் கடித்தபடி, மார்பில் கட்டிக்கொண்ட பாலைப் பிழிந்துகொண்டிருந்தாள். குழாய் திறந்தே கிடந்தது.

"கீழ டாக்டர் என்ன சொன்னாரு?"

நஜ்லா கதவைச் சாத்திவிட்டு, நனைந்துகொண்டிருந்த தங்கையின் சட்டைக் கையை முழங்கை வரை மடித்துவிட்டாள். பிறகு அடுத்த கையையும்.