மேசைக்கு வந்த பலகை

சின்னராசா சவப்பெட்டியின் தலைமாட்டில் இருந்த விளக்குக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தபோது கீழ் முடக்கில் ஒரு லொறி முனகிக்கொண்டு ஏறும் சத்தம் கேட்டது. ஹட்டனிலிருந்து சொந்தக்காரர்கள் யாராவது பிடித்து வருகிறார்கள் என்று நினைத்தார். மூன்று மணிக்குத்தான் எடுப்பதாக இருந்தது. இன்னும் பன்னிரண்டுகூட ஆகவில்லை.

லொறி பந்தலுக்குச் சற்றுத் தள்ளி நின்றது. இறங்கியவர் பைஸர், ஹட்டன் மரக்கடைக்காரர். பாதை நெடுகச் சாவுக்குக் கட்டிய வெள்ளைக்கொடியைப் பார்த்துக்கொண்டே வந்திருக்கிறார். ஆனால் எந்த வீடு என்று அவருக்குத் தெரியாது. பந்தல் ஓரம் நின்ற பக்கத்துக் காம்பரா வீட்டுக் கஜேந்திரனிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"தம்பி, ஜீவராணி அக்கா வீடு எது? ஒரு பலகை கொண்டு வந்திருக்கேன். ஆமா, யாரு மௌத்து?"

கஜேந்திரன் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தான். பைஸரும் பார்த்தார். வாசலுக்கு நேரே பெட்டி. அதற்குள் நெற்றி நிறையக் குங்குமத்தோடு ஜீவராணி.

பைஸரின் வாய் அரபியில் எதையோ முணுமுணுத்தது.

"எப்ப தம்பி?"

"நேத்துக் காலைல. டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். பத்து மணிக்கெல்லாம் முடிஞ்சிருச்சு."

"நேத்தா?" பைஸர் தலையை ஆட்டினார். "இல்ல தம்பி, தேதிய மாத்திச் சொல்றீங்க. நேத்துப் பின்னேரம் அவங்க கடைக்கு வந்தாங்களே. வந்துதானே இந்தப் பலகையப் பார்த்து எடுத்தாங்க."

நெருப்பில் தப்பு மேளத்தைக் காய்ச்சிக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டுத் திரும்பினார்கள். வீட்டுக்குள் எண்ணெய்ப் போத்தலோடு நின்ற, ஜீவராணியின் புருசன் சின்னராசாவுக்கு அந்த வார்த்தைகள் ஒவ்வொன்றாகக் கேட்டன.

ஜீவராணி குவைத்தில் ஒன்பது வருசம் வீட்டு வேலைக்கு இருந்தவள். அந்த வீட்டுக் கிழவருக்குத் தச்சு வேலையில் பைத்தியம். பலகையின் ஒரு முனையைப் பிடிக்க ஆள் தேவைப்படும்போதெல்லாம் சமையலறையிலிருந்து இவளைக் கூப்பிடுவாராம். பிடித்துப் பிடித்தே வேலையைக் கற்றுக்கொண்டாள். திரும்பி வந்தபோது ஊரெல்லாம் தங்கத்தை எதிர்பார்த்தது. அவள் பயணப் பெட்டியைத் திறந்து, துணிக்குள் சுற்றிவைத்திருந்த மரம் சீவும் ஒரு சீவுளியையும் பலகையைக் கவ்விப் பிடிக்கும் இரண்டு இறுக்கிகளையும் வெளியே எடுத்தாள்.

பிறகு தோட்டத்து லய வீடுகளில் யாருக்கு ஜன்னல் சட்டம் உளுத்தாலும், எந்தப் பிள்ளைக்குப் படிக்க மேசை வேண்டுமென்றாலும் ஜீவராணிதான். தரையில் குந்தி உட்கார்ந்து, பலகையைக் காலால் மிதித்துப் பிடித்துச் சீவுவாள். ஐம்பது தாண்டியதும் முழங்கால் மடங்க மறுத்தது. நின்று வேலை செய்ய ஒரு மேசை வேண்டும் என்றாள். அதையும் தானே செய்தாள். வீட்டுக்குப் பின்னால், தகரம் இறக்கிய சார்ப்பின் கீழ் நான்கு காலும் குறுக்குச் சட்டமும் போன மாதமே எழுந்து நின்றுவிட்டன. மேற்பலகைதான் கிடைக்கவில்லை.

கிராண்டிஸ் மரம் முறுக்கிக்கொள்ளும் என்றாள். தேயிலைக்கு நிழல் தரும் மலைச்சவுக்கு மெது, சுத்தியல் பட்டால் குழி விழும் என்றாள். அல்பீசியாவை ரஸ்க் என்று சொல்லிச் சிரித்தாள். கடையில் ஒவ்வொரு பலகையாக எடுத்து, வெட்டு முனையை முகர்ந்து, விரல் முட்டியால் தட்டிக் காதை வைத்துக் கேட்டு, ஒரு கண்ணை மூடி நுனியிலிருந்து நுனிவரை பார்த்து, திரும்ப அடுக்கி வைத்துவிட்டு வருவாள். அப்படி நாலு ஞாயிற்றுக்கிழமை போயிருந்தது.

"மரம் செத்தப்புறமும் கொஞ்ச காலத்துக்குத் திரும்பித் திரும்பிப் படுத்துக்கிட்டேதாங்க இருக்கும்," என்பாள். "அது அடங்கணும். அடங்குன பலகைதான் மேசைக்கு ஆகும்."

சின்னராசா தேயிலைப் பெக்டரியில் போறணை அடுப்புக்கு விறகு போடுகிறவர். முப்பது வருசமாக அவருக்கு மரத்தில் இரண்டே வகை. எரிகிறது, புகைகிறது.

நேற்றுக் காலை இரவு வேலை முடிந்து அவர் வந்தபோது அவள் தலை சீவி, சேலை மாற்றி நின்றாள். நோட்டன் பிரிட்ஜ் பக்கம் ஒரு பழைய பங்களாவைக் கழற்றுகிறார்களாம், அந்த மரமெல்லாம் இன்றைக்கு பைஸர் கடைக்கு வருகிறதாம்.

"நீங்களும் வாங்களேன். ரெண்டு பேரா பார்த்தா நல்லது."

"ஒரு பலகைக்கு எத்தனை நாளு? போறணைக்குப் போடுற கட்டைல ஒண்ணத் தூக்கி வச்சுக்க. நான் வரல."

அவள் அவருக்குப் பிளேன்டீ ஊற்றி வைத்தாள். செருப்பைப் போட்டுக்கொண்டு படியிறங்கினாள். அவர் தேநீரில் பாதியைக் குடித்திருப்பார். தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில், அவள் விழுந்து கிடந்த இடத்தில், பொம்பளைகள் கத்தும் சத்தம் கேட்டது.

இப்போது அவர் எண்ணெய்ப் போத்தலைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்தார். பைஸர் அவரைக் கண்டதும் ஓரடி பின்னால் போனார்.

"அண்ணே, எனக்குத் தெரியாது அண்ணே. தெரிஞ்சிருந்தா இந்த நேரத்துல லொறிய ஏத்திட்டு வந்திருப்பேனா?"

"எத்தனை மணிக்கு வந்தா?"

"அண்ணே..."

"சொல்லுங்க பாய். எத்தனை மணிக்கு?"

"அஸர் தொழுதுட்டு வந்து கடையத் தெறக்கறேன், நிக்கிறாங்க. மூணே முக்கால் இருக்கும். அந்தச் சாமானே ஒரு மணிக்குத்தான் வந்து எறங்குச்சு. எப்பவும் ஆயிரம் கேள்வி கேப்பாங்க. நேத்துப் பேசவே இல்ல. நேரா பின்னுக்குப் போனாங்க. அடுக்குல அடியில கெடந்துச்சு இந்த ஹல்மில்ல மரப் பலகை. அதுல தட்டுனாங்க. காத வச்சுக் கேட்டாங்க. ரொம்ப நேரம் கேட்டாங்க அண்ணே. நாளைக்குப் பகலைக்குக் கொண்டு வரவான்னு கேட்டேன். தலைய ஆட்டுனாங்க."

"வேற யாராவது இருக்கும்," என்றாள் ரூபிகா. கொழும்பில் வேலை செய்யும் மகள், நேற்று ராத்திரிதான் வந்து சேர்ந்திருந்தாள். அழுது அழுது குரல் கட்டியிருந்தது. "எங்கம்மா மாதிரி யாராவது. இப்பிடியா வந்து சொல்லுவாங்க, சாவு வீட்டுல?"

"மகள், எனக்கு உங்கம்மாவைத் தெரியாதா?" பைஸர் நெற்றியைத் துடைத்தார். ஏதோ சொல்ல வாயெடுத்து, சின்னராசாவைப் பார்த்தார். "அதோட, இவரும்தானே கூட வந்தாரு."

நெருப்படியில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள்.

"யாரு?" என்றார் சின்னராசா.

"நீங்கதான் அண்ணே. நீங்க உள்ள வரல. ரோட்டு ஓரத்துல, மழையில நின்னீங்க. உள்ள வாங்கண்ணேன்னு கூப்பிட்டேன். கைய மட்டும் இப்பிடித் தூக்கிக் காட்டிட்டு அங்கேயே நின்னுட்டீங்க."

பைஸர் கையை நெஞ்சளவு உயர்த்தி, உள்ளங்கையை வெளியே காட்டி, மெல்ல இறக்கினார்.

கஜேந்திரனின் முகம் மாறியது. "அவரு எங்கயும் போகல பாய்," என்றான். "நாலு மணி தாண்டும்வரைக்கும் ஆஸ்பத்திரி விராந்தையில என் பக்கத்துலதான் இருந்தாரு. மரண விசாரணைக்குக் காத்துக்கிட்டு இருந்தோம். நான் தேத்தண்ணி வாங்கிட்டு வந்து கூப்பிட்டேன், திரும்பிக்கூடப் பார்க்கல. கைய மட்டும்..."

அவன் நிறுத்திக்கொண்டான். அவன் கையும் அதே உயரத்துக்கு எழும்பியிருந்தது. அதை அவனே பார்த்துவிட்டுக் கீழே போட்டான்.

சின்னராசாவுக்கு அந்தத் தேத்தண்ணி ஞாபகத்தில் இல்லை. விராந்தையின் சிவப்புத் தரை ஞாபகமிருந்தது. பிறகு யாரோ தாளில் கையெழுத்துக் கேட்டது. இடையில் என்ன நடந்தது என்று தேடிப் பார்த்தார். மழைச் சத்தம் மட்டும் இருந்தது. எந்தக் கூரையில் பெய்த மழை என்று தெரியவில்லை.

"திருப்பி அனுப்பிரு சின்னராசா," உள்ளேயிருந்து ஒரு பெண்குரல் வந்தது. "பெட்டி வெளிய போற நேரத்துல வீட்டுக்குள்ள மரம் வரக்கூடாது."

"ஆமாண்ணே," என்றான் கஜேந்திரன். "பிறகு பார்த்துக்கலாம்."

பைஸரும் லொறிப் பக்கம் திரும்பினார். "நான் கொண்டு போயிர்றேன். நீங்க ஒண்ணும் நெனைக்காதீங்க."

"பாய்." சின்னராசா அவருக்கு மிக அருகில் போய் நின்றார். மற்றவர்களுக்குக் கேட்காதபடி கேட்டார். "போறப்ப நாங்க எப்பிடிப் போனோம்?"

பைஸர் யோசித்தார். "குடை ஒண்ணுதான் இருந்துச்சு. நீங்கதான் புடிச்சிருந்தீங்க. அவங்க பக்கமாச் சரிச்சுப் புடிச்சிருந்தீங்க. உங்க தோளு நல்லா நனைஞ்சு போச்சு."

முப்பது வருசத்தில் சின்னராசா குடையை அப்படிப் பிடித்ததில்லை. பாதையில் அவர் பத்தடி முன்னால் போவார், அவள் பின்னால் வருவாள். மழை என்றால் அவள் சேலைத் தலைப்பைப் போட்டுக்கொள்வாள். லயத்தில் எல்லா ஆம்பளைகளும் அப்படித்தான் போனார்கள்.

அவருடைய வலது கை இடது தோளைத் தொட்டுப் பார்த்தது. பிறகு சொன்னார்:

"எறக்குங்க."

பைஸரும் சாரதியும் ஆளுக்கொரு முனையைப் பிடித்தார்கள். ஆறடி நீளம், ஒன்றே முக்கால் அடி அகலம், மூன்று அங்குலக் கனம். பந்தலைச் சுற்றி வீட்டின் பின்பக்கம் கொண்டு போவதற்குள் இரண்டு தடவை கீழே வைத்து மூச்சு வாங்கினார்கள். பொம்பளைகள் ஒதுங்கி வழிவிட்டார்கள், பெட்டிக்கு விடுவதுபோல. மேசைக் கால்களின் மேல் ஏற்றி வைக்கலாமா என்று சாரதி சிங்களத்தில் கேட்டான். பைஸர் வேண்டாமென்று தலையசைத்தார். சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் போனார்கள்.

மூன்று மணிக்கு எடுத்தார்கள். தப்பு முன்னால் போனது. தேயிலைக்கு நடுவே மயானத்துக்குப் போகும் பாதை வழுக்கியது. தூக்கியவர்கள் அடிக்கடி தோள் மாற்றினார்கள். வழக்கத்துக்கு மாறாகச் சின்னராசாவும் ஒரு தோள் கொடுத்தார். குழிமேட்டில் மூன்று பிடி மண்ணைப் போட்டார். மூடி மேல் அது விழுந்த சத்தத்துக்குத் தலையைச் சாய்த்துக் காது கொடுத்தார். கஜேந்திரன் வந்து கையைப் பிடித்து இழுக்கும்வரை அப்படியே குனிந்து நின்றார்.

அன்று பொழுது சாய்ந்ததும் வீட்டில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகப் படுத்துவிட்டார்கள். ரூபிகா அம்மாவின் கம்பளியைப் போர்த்திக்கொண்டு தூங்கிப் போனாள்.

விடியும்போது பனி லயத்துக்குள் வந்திருந்தது. எதிர்க் காம்பரா தெரியவில்லை. பீலியில் தண்ணீர் விழும் சத்தம் மட்டும் எங்கிருந்தோ வந்தது. முகம் கழுவப் பின்பக்கம் போன ரூபிகா நின்றுவிட்டாள்.

பலகை சுவரில் இல்லை. மேசையின் கால்களுக்கு மேல் கிடந்தது. நான்கு பக்கமும் ஒரே அளவு வெளியே நீட்டியபடி, பொருந்தி, அசையாமல் கிடந்தது. அப்பா அதன் ஒரு முனையில் நின்றார்.

"அப்பா?"

அவர் திரும்பினார். கண் சிவந்திருந்தது. ஆனால் முகம் தூங்கி எழுந்தவர் முகம்போல இருந்தது.

"நீங்களா தூக்கி வச்சீங்க? தனியாவா?"

சின்னராசா தன் உள்ளங்கைகளை விரித்துப் பார்த்தார். விறகு பட்டுப் பட்டுக் காய்த்துப்போன கைகள். புதிதாக ஒரு கீறல்கூட இல்லை.

"இல்ல," என்றார். "ரெண்டு பேரு."

ரூபிகா உள்ளே திரும்பிப் பார்த்தாள். கஜேந்திரன் வந்திருப்பானோ என்று நினைத்திருப்பாள். பக்கத்தில் அவன் காம்பராவின் பின்கதவு பூட்டித்தான் இருந்தது. அவள் சார்ப்புத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பலகை முழுக்கப் பனி பொடிப்பொடியாக இறங்கியிருந்தது. சின்னராசா தோளில் கிடந்த துவாயை எடுத்து, தான் நின்ற முனையிலிருந்து துடைக்க ஆரம்பித்தார். ஈரம் போன இடத்தில் மரம் கருஞ்சிவப்பாக வெளியே வந்தது. அவசரப்படாமல், இழை ஓடும் பக்கமாகவே துடைத்துக்கொண்டு வந்தார். பலகையின் நடுவுக்கு வந்ததும் கை நின்றது. துவாயை நாலாக மடித்து அங்கே வைத்தார்.

மிச்சத்தைத் துடைக்கலாமென்று ரூபிகா துவாய்க்குக் கை நீட்டினாள்.

"இருக்கட்டும்மா. அது உங்கம்மா பக்கம்," என்றார்.

அடுப்பை மூட்ட அவர் உள்ளே போனார். மேசையின் மறுபாதியில் நீர்த்துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து, விளிம்புக்கு வந்து, விழாமல் நின்றன.