சேரங்கோட்டில் எடுக்காத காட்சி

தேவாலாவில் மழை விடுவதாக இல்லை. வெப் சீரிஸ் எடுக்கச் சென்னையிலிருந்து வந்த கேமராவும் விளக்குகளும் தார்ப்பாய்க்குள் கிடந்தன. படம் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் வாடகை, டீசல், சாப்பாடு, பேட்டா எல்லாம் ஓடிக்கொண்டுதான் இருந்தன. அந்தச் செலவுகளுக்குப் பொறுப்பு, கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த கணக்காளர் ஸ்ரீமதி.

மாலையில் தயாரிப்பாளர் ராஜசேகர் போனில் கூப்பிட்டார்.

"பட்ஜெட் கைய மீறிப் போயிட்டிருக்கும்மா. ஒரு நாள் ஷூட்டிங்கைக் குறைச்சே ஆகணும். எதைத் தூக்கலாம்னு நீயே பார்த்துச் சொல்லு."

ஸ்ரீமதி பார்த்தாள். சேரங்கோட்டில் தேயிலை ஃபேக்டரி வாசலில் ஒரே ஒரு காட்சி. அதற்காக மொத்த யூனிட்டும் ஒரு நாள் அங்கே போக வேண்டும். கதாநாயகன் அதில் இல்லை. மகளைக் காணாமல் தவிக்கும் ஒரு தாய் எஸ்டேட் மேனேஜரிடம் பேசுவது மட்டும்தான். தூக்குவதற்கு அதைவிடச் சுலபமானது எதுவும் இல்லை.

அந்தத் தாயாக நடிக்க இருந்தவள் ஜானகி, அங்கேயே கொழுந்து பறிப்பவள். எஸ்டேட் கோயில் திருவிழாவான நோம்பிக்கு வருடா வருடம் நாடகம் போடுவார்கள். அதில் அவள் நடிப்பாள் என்று கேள்விப்பட்டுக் கூட்டி வந்திருந்தார்கள். லாட்ஜ் ஹாலில் ஒத்திகை நடந்தபோது ஸ்ரீமதி ஏதோ கையெழுத்து வாங்கப் போனவள், வாசலிலேயே நின்றுவிட்டாள். "எம் புள்ளைய எங்கைய்யா வெச்சிருக்கீங்க?" என்று ஜானகி கேட்டதும், அதுவரை சிரித்துப் பேசிக்கொண்டிருந்த லைட்மேன்கள் வாய் மூடினார்கள். ஸ்ரீமதி கண்ணைத் துடைத்துக்கொண்டு, வந்த வேலையை மறந்து திரும்பிப் போனாள்.

அது நினைவுக்கு வரத்தான் செய்தது. ஆனாலும் சேரங்கோடு என்றே எழுதி அனுப்பினாள். டைரக்டர் பாலமுருகன் கொஞ்ச நேரம் சண்டை போட்டார். பிறகு ஒத்துக்கொண்டார்.

ஜானகிக்குத் தகவல் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. மறுநாள் காலையில் லீவு போட்டுவிட்டு, நனைந்த குடையோடு அடுத்த ஒத்திகைக்கு வந்து நின்றாள். ஷூட்டிங் மேனேஜர் அவளை ஸ்ரீமதியிடம் அனுப்பிவிட்டார். பேசிய சம்பளத்தை ஸ்ரீமதி முழுசாகக் கவரில் போட்டு நீட்டினாள்.

"நடிக்கவே இல்லீங்களே மேடம், இதெதுக்குங்க?"

"பரவால்லீங்க, வாங்கிக்குங்க. அந்த சீன் இப்ப இல்லீங்க."

ஜானகி கவரைக் கையில் வாங்கினாள். போகவில்லை.

"நான் பேசுனது நல்லா இல்லீங்களா?"

உண்மையைச் சொல்ல இரண்டு வார்த்தை போதும். அந்தக் காட்சியைத் தூக்கச் சொன்னது நான்தான் என்று சொல்ல ஸ்ரீமதிக்கு வாய் வரவில்லை.

"அது டைரக்டர் முடிவுங்க. எனக்குத் தெரியாது."

"சரிங்க" என்று ஜானகி மழையில் இறங்கிப் போனாள்.

சீரிஸ் வெளிவந்தபோது ஸ்ரீமதி கோயம்புத்தூரில் தன் வீட்டில் அதைப் பார்த்தாள். "அவங்கம்மா வந்து அழுதுட்டுப் போனாங்க" என்று கதாநாயகன் ஒரு வரியில் சொல்லிவிட்டு நகர்ந்தான். அவளுக்கு அதற்கு மேல் பார்க்க முடியவில்லை. மறுநாள் ஜானகியின் நம்பரைத் தேடி எடுத்துக் கூப்பிட்டாள்.

ஜானகிக்கு அவளை ஞாபகம் இருந்தது. நலம் விசாரித்தாள். நோம்பி முடிந்துவிட்டது என்றாள்.

"நாடகம் எப்படிங்க போச்சு?"

"நல்லா போச்சுங்க. தேவின்னு ஒரு புள்ள நடிச்சா. நான் ஏறலீங்க. சினிமாக்காரங்களே வேணாம்னு அனுப்பிட்டாங்களே, இத்தனை வருசமா ஊர்ல எல்லாரும் எம் மனசு நோகக்கூடாதுன்னுதான் கை தட்டியிருக்காங்கன்னு தோணிப்போச்சுங்க."

ஸ்ரீமதி எல்லாவற்றையும் சொன்னாள். மழையை, ராஜசேகரின் போனை, அந்த ஒரு நாளைத் தூக்கச் சொன்னது தான்தான் என்பதை, ஒத்திகையில் வாசலில் நின்று அழுததை.

"அழுதீங்களா?" என்று ஜானகி கேட்டாள்.

"ஆமாங்க."

"அதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமுங்களே மேடம்."

கோபமாகச் சொல்லவில்லை. தூரத்தில் யாரோ அவளைக் கொழுந்து நிறுக்கக் கூப்பிட்டார்கள். "வெச்சர்றனுங்க" என்று போனை வைத்துவிட்டாள்.