வைக்கணுமா, கூடாதா?

வகுப்பில் பாமாவின் பேனா நின்றதே இல்லை. சிஸ்டர் மௌரீன் வாயைத் திறந்தால் இங்கிலீஷ் கடகடவென்று கொட்டும். தங்கவயலில் தமிழ்ப் பள்ளியில் படித்துவிட்டு, பெங்களூர் கண்டோன்மெண்டில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரிக்கு நர்ஸ் பயிற்சிக்கு வந்தவளுக்கு அதில் பாதி பிடிபடாது. அதனால் காதில் விழுந்ததையெல்லாம் தலை நிமிராமல் எழுதிக்கொண்டே போவாள். ஸ்பெல்லிங் தெரியாததைத் தமிழ் எழுத்தில் போட்டுக்கொள்வாள். எழுதி வைத்தால் அப்புறம் படித்துக்கொள்ளலாம் என்பது அவள் நினைப்பு.

மூன்றாம் மாதக் கடைசியில் வாய்மொழித் தேர்வு. தேறாதவர்கள் பெட்டியைக் கட்டவேண்டியதுதான். தங்கச் சுரங்கத்தில் வேலை செய்து மூச்சுக் கெட்டு வீட்டோடு கிடக்கும் அப்பாவின் முன்னால் பெட்டியோடு போய் நிற்பதை நினைத்துக்கொண்டே பாமா ராத்திரியெல்லாம் விழித்திருப்பாள்.

தேர்வு நெருங்கிய சமயத்தில் பக்கத்துக் கட்டில் டோரீனுக்குப் பொன்னுக்கு வீங்கி வந்துவிட்டது. உள்ளூர் ஜோகுபாளையத்துப் பெண், இங்கிலீஷ் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அவளை விடுதியின் கடைசி அறையில் தனியாகப் படுக்கவைத்தார்கள். சின்ன வயதிலேயே அது வந்து போயிருந்ததால் கஞ்சி கொண்டுபோகும் வேலை பாமாவுக்கு வந்தது.

"இன்னிக்கு கிளாஸ்ல இன்னா நடந்துச்சு, சொல்லுடி," என்றாள் டோரீன், வீங்கிய தாடையைப் பிடித்துக்கொண்டு.

"ஷாக் பத்தி. கரண்ட் ஷாக் இல்ல, அடிபட்டு ரத்தம் போனா வருமே, அது. எல்லாம் எழுதிகினு வந்திருக்கேன், படிக்கறேன் கேளு. பேஷண்டுக்கு மூஞ்சி வெளுத்துடும், நாடி வேகமா ஓடும், கட்டிலோட கால் பக்கத்தைத் தூக்கணும், ஹாட் வாட்டர் பாட்டில்..."

"பாட்டில் வைக்கணுமா, கூடாதா?"

பாமா பக்கத்தைப் பார்த்தாள். பாட்டிலுக்குப் பிறகு ஒரு கோடுதான் இருந்தது. அந்த இடத்தில் சிஸ்டர் குரலை உயர்த்தி ஏதோ சொன்னது நினைவிருந்தது. முந்தின வரியை முடிக்கும் அவசரத்தில் அதைத் தவறவிட்டிருந்தாள்.

"உடம்பு ஜில்லுனு ஆயிடுமில்ல, வைக்கணும்தான்."

"நிச்சயமா?"

பாமா மறுபடி அந்தக் கோட்டைப் பார்த்தாள்.

"சரி, கால் பக்கத்தை ஏன் தூக்கறாங்க?"

அதுவும் தெரியவில்லை. பழைய பக்கங்களைப் புரட்டினாள். கையெழுத்து அவளுடையதுதான், விஷயம் ஒன்றும் அவளுடையதாக இல்லை.

"டோரீன், நான் ஃபெயிலுதான்டி. இத்தினி நாளு எழுதினேன், எதையுமே கேக்கல."

"அழாதே. நாளைக்கு சிஸ்டரையே போய்க் கேளு. எனக்கும் தெரியணும்."

மறுநாள் காலை சிஸ்டரின் அறை வாசல்வரை போய்த் திரும்பினாள். மறுபடி போனாள். ஒருவழியாக உள்ளே நுழைந்து, பாட்டில் வைக்கணுமா கூடாதா என்று கேட்டுவிட்டாள்.

"நேற்று இரண்டு தடவை சொன்னேனே! அப்போது நீ என்ன செய்துகொண்டிருந்தாய்?" என்று இங்கிலீஷில் சீறினார் சிஸ்டர்.

"ரைட்டிங், சிஸ்டர்."

சிஸ்டர் அவளை ஒரு கணம் பார்த்துவிட்டு மூன்றாவது தடவையும் சொன்னார். வைக்கக் கூடாது. தோலில் சூடு பட்டால் ரத்தம் தோலுக்கு ஓடிவரும். மூளைக்கும் இருதயத்துக்கும் குறைந்துபோகும். கம்பளி போதும். கால் பக்கத்தை உயர்த்துவதும் ரத்தம் தலைப்பக்கம் போகத்தான். கையில் பேனா இல்லாமல் அவர் முகத்தையே பார்த்துக் கேட்டதில், அந்த இங்கிலீஷும் பாமாவுக்குப் புரிந்தது.

அன்று வகுப்பில் பேனாவை மூடி வைத்தாள். சுற்றிலும் எல்லோரும் எழுத, ஏதோ கைநழுவிப் போகிறது என்று மனசு அடித்துக்கொண்டது. சிஸ்டர் ஒரு விஷயத்தை முடித்துக் கரும்பலகையை அழிக்கும்போது மட்டும், டோரீனுக்கு எப்படிச் சொல்வாளோ அப்படி இரண்டு வரி எழுதினாள். புரியாத இடத்தில் எழுந்து நின்று கேட்டாள். பின்வரிசையில் சிரித்தார்கள். சிஸ்டர் திரும்பச் சொன்னார்.

சாயங்காலம் நோட்டைத் திறக்காமல் டோரீனிடம் சொன்னாள். டோரீன் "ஏன்?" "ஏன்?" என்று துளைத்தெடுத்தாள். தடுமாறிய இடங்களைப் புத்தகத்தில் தேடினார்கள். பழைய பாடங்களையும் அப்படியே இருவருமாகப் படித்தார்கள், முழுவதும் முடியவில்லை.

தேர்வுக்கு வெளியிலிருந்து ஒரு டாக்டர் வந்திருந்தார். டைபாய்டு நோயாளிக்கு என்ன ஆகாரம், ஏன் என்று கேட்டார். உடைந்த இங்கிலீஷில் சொல்லி முடித்தாள். அடுத்து எலும்புகளின் பெயர்களைக் கேட்டார். அது இருவரும் படிக்க முடியாமல் விட்ட பாடம். "தெரியாது, சார்," என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். முடிவு வரும்வரை சோறு இறங்கவில்லை.

தேறியவர்கள் பட்டியலில் கடைசிக்கு முந்தின பெயர் அவளுடையது. கடைசி அறைக்கு ஓடிப்போய்ச் சொன்னாள்.

டோரீன் அவளைக் கட்டிக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் அவள் முகம் மாறியது.

"எனக்குப் பரீட்சையை அடுத்த மாசம் வெச்சிருக்காங்கடி. பயமா கீது. உக்காரு, நீ கேளு, நான் சொல்றேன்."

பாமா கட்டிலோரத்தில் உட்கார்ந்து எலும்புகளிலிருந்து தொடங்கினாள்.