ட-வில் ஆரம்பித்த பாடம்

"உங்க பொண்ணை எனக்குக் குடுத்துடுங்கக்கா. பள்ளிக்கூடம் சேர்க்கறதுக்குள்ள எழுத்துக் கூட்டிப் படிக்க வெச்சுடறேன்."

"தாராளமா எடுத்துக்கோம்மா. அப்படியே அவ அப்பாவையும் பக்கத்துல உக்கார வை. மனுஷன் பேப்பர்ல விளையாட்டுப் பக்கத்தைத் தாண்டி ஒரு வரி படிச்சதில்ல."

சின்னவள் இந்த வீட்டுக்கு இளைய மருமகளாக வந்த புதிதில், பாத்திரம் துலக்கிக்கொண்டே இருவரும் பேசிய பேச்சு இது. பெரியவள் அன்று கண்ணில் நீர் வரச் சிரித்தாள். இப்போது அதை நினைத்தால் தன் தலையில் தானே குட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

சின்னவளுக்கு மழலையர் பள்ளியில் வேலை. மத்தியானமே வீடு திரும்பிவிடுவாள். பெரியவளுக்கு மருந்துக்கடை. டாக்டர்களே திரும்பப் படிக்க முடியாத கிறுக்கலையெல்லாம் நிமிஷத்தில் படித்து மாத்திரை எடுத்துக் கொடுக்கிறவள் அவள். அப்படிப்பட்டவளின் மகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்க இன்னொருத்தி!

அதுவும் எப்படி? அ-வை விட்டுவிட்டு ட-வில் ஆரம்பித்தாள் சின்னவள்.

"ஏம்மா, ஊர் உலகமே அ-வுலதானே ஆரம்பிக்குது?" என்று பெரியவள் கேட்டதற்கு, "ட-ன்னா நேரா ஒரு கோடு, படுக்கையா ஒரு கோடுக்கா. பிஞ்சு விரலுக்கு அதுதான் சுலபம்" என்றாள். உப்புத்தாளில் எழுத்துகளை வெட்டி அட்டையில் ஒட்டியிருந்தாள். குட்டி அதை விரலால் தடவி, ஓசையைச் சொல்லி, ஒவ்வோர் ஓசைக்கும் ஒரு தட்டு தட்டும். ட, ப, ம் மூன்றும் வந்ததும் ஒரு சாயங்காலம் 'படம்' என்று தானாகக் கூட்டிப் படித்துவிட்டது.

அந்த நேரத்தில் பெரியவள் கடையில் யாருக்கோ இருமல் மருந்து எடுத்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் மகள் ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டாள். "அம்மா, நான் படிச்சேன்! சித்தி அழுதுட்டாங்க!"

பெற்றவள் சிந்த வேண்டிய கண்ணீரையும் அவளே சிந்திவிட்டாளா? பெரியவளுக்கு வயிறு எரிந்தது. இரவுச் சாப்பாட்டில் கணவனிடம் முணுமுணுத்தாள். அவனோ, "யார் சொல்லிக் குடுத்தா என்ன, படிக்கறது நம்ம புள்ளதானே?" என்று எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றிவிட்டு மறுசோறு கேட்டான்.

அவள் மனதில் இருந்தது வேறு. வேலை முடிந்து ஓட்டமும் நடையுமாக வந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "வாங்கக்கா, முடிச்சாச்சு" என்று சின்னவள் அட்டைகளை அடுக்கிவிடுவாள். கொஞ்சம் இரு, நானும் உட்காருகிறேன் என்று சொல்ல நாக்கு நுனிவரை வரும். ஓரகத்தியிடம் போய்க் கேட்பதா என்று ரோஷம் அதை விழுங்கிவிடும். மாதக்கணக்காக இதே கதை.

கேட்பதற்குப் பதில் அவள் ஒரு வேலை செய்தாள். வழவழப்பான படங்களோடு ஒரு பூனைக் கதைப் புத்தகம் வாங்கினாள். பக்கத்துக்கு ஒரு வரி. குளிப்பாட்டும்போதும் தலை பின்னும்போதும் அந்த வரிகளை மகளுக்கு உருப்போட வைத்தாள். "சித்திகிட்ட சொல்லாத. ஞாயித்துக்கிழமை எல்லாரும் அசந்து போகணும்."

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்தார்கள். குட்டி புத்தகத்தைப் பிரித்துக் கணீரென்று ஆரம்பித்தது. "பூனை வந்தது. பூனை பந்தைப் பார்த்தது." குட்டியின் அப்பா வாயைப் பிளந்தான். பெரியவள் ஓரக்கண்ணால் சின்னவளைப் பார்த்தாள். அந்த முகம் வாடுவதைப் பார்க்க அவளுக்கு அவ்வளவு ஆசை.

வழவழத் தாள் இரண்டு ஒட்டிக்கொண்டு ஒன்றாகப் புரண்டன. குட்டி நிற்கவில்லை. "பூனை மரத்தில் ஏறியது!"

படத்தில் பூனை சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது.

"அடேயப்பா!" சித்தப்பா விழுந்து விழுந்து சிரித்தான். "தூங்கிக்கிட்டே மரம் ஏறுற பூனையா? எனக்கு ஒண்ணு வேணும்!"

குட்டியின் உதடு பிதுங்கியது. "அம்மா சொல்லிக் குடுத்த மாதிரிதானே சொன்னேன்..."

சின்னவள்தான் முதலில் வாய் திறந்தாள். "தாள் ஒட்டிக்கிச்சு கண்ணு, அவ்வளவுதான்." தன் கணவனின் தொடையில் ஒரு கிள்ளு வைத்தாள். "நீங்க சும்மா இருங்க."

பெரியவள் தலை நிமிரவில்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். நல்லவள் என்ற பெயரையும் இவளே வாங்கிக்கொண்டாளே என்றுதான் அப்போதும் தோன்றியது.

இரண்டு நாள் கழித்துக் கடையில் கூட்டம் இல்லை, சீக்கிரம் கிளம்பினாள். வாசலிலேயே சின்னவளின் குரல் கேட்டது.

"இது என்ன, சொல்லு."

"பந்து?"

"அட்டையைப் பாரு கண்ணு. தடவிப் பாரு."

"பூனை?"

பெரியவள் கதவிடுக்கில் எட்டிப் பார்த்தாள். அட்டையில் இருந்தது 'படம்'. போன மாதம் மகள் தானாகப் படித்த அதே சொல். விரலை மடிக்குள் ஒளித்துவைத்துக்கொண்டு, அட்டையைப் பார்க்காமல் சித்தியின் முகத்தையே பார்த்துப் பார்த்து விடை தேடிக்கொண்டிருந்தது குழந்தை. கண்ணில் பயம்.

"தப்பா சொன்னா சிரிப்பாங்களா சித்தி?"

பெரியவள் பொறாமைப்பட்டது சின்னவள்மேல்; அடி விழுந்திருப்பது இந்தப் பிஞ்சுக்கு. ஆனாலும் அந்தச் சின்னக் கை சின்னவளின் முழங்கால்மேல் உரிமையோடு கிடந்ததைப் பார்த்தபோது, பாழாய்ப்போன மனசு அப்போதும் ஒருமுறை சுருக்கென்றது.

செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டுச் சின்னவள் திரும்பினாள். "வாங்கக்கா, இதோ முடிச்சாச்சு." பரபரவென்று அட்டைகளைச் சேர்த்தாள். "களைச்சு வர்றீங்க. வந்ததும் புள்ள உங்களுக்குத்தான்னு நான் எப்பவும் சட்டுனு முடிச்சுடுவேன்."

இவ்வளவு நாளும் பாடத்தைத் தன்னிடமிருந்து மறைக்கிறாள் என்றல்லவா பெரியவள் நினைத்திருந்தாள்! கைப்பையைத் தரையில் போட்டாள்.

"எடுத்து வைக்காதம்மா. நானும் உங்ககூட உக்காந்துக்கறேன். இவளுக்கு எப்படிச் சொல்லித் தர்றதுன்னு எனக்கும் சொல்லிக் குடேன்."