பச்சைப் பைகளும் ஒளி வளையமும்

தைவானின் ஷின்ச்சூ நகரத்துக் காற்று அன்றைக்கும் ஜன்னலைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது. சோதனைக் கூடத்துக்குள் பொறியாளர் லியாவ் சூ-சென் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மதியம் வாடிக்கையாளர்கள் வருகிறார்கள். அவள் பெற்ற பிள்ளையைப் போல வளர்த்த சிப்பில், கம்பிக்குப் பதிலாக ஒளியே செய்தியைச் சுமந்து ஓடும். இன்றைக்கு அது ஓடிக் காட்டாவிட்டால், செம்புக் கம்பியே போதும் என்று மேனேஜர் கூ திட்டத்தை மூட்டை கட்டிவிடுவார்.

சிப்புக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு வளையம் இருந்தது. தனக்குப் பிடித்த நிறத்து ஒளி வந்தால் அதைச் சுற்றவிடும். கொஞ்சம் சூடு ஏறிவிட்டால் போதும், அதே ஒளியை யாரோ எவரோ என்று பார்க்கும். காலையில் ஒழுங்காகத்தான் இருக்கும். மதியமானால் முறுக்கிக்கொண்டு ஒளியை நிறுத்திவிடும்.

அந்த ஊரில் இயந்திரம் மக்கர் செய்தால் அதன் தலையில் ஒரு பை சோளப்பொரி வைப்பார்கள். 'சமர்த்தாக இரு' என்பதுதான் அந்தப் பொரியின் பெயரே. பை பச்சையாக இருக்க வேண்டும். மஞ்சளும் சிவப்பும் இயந்திரத்துக்கு ஆகாது. தேதி தாண்டக் கூடாது. எடுத்துத் தின்றால் தொலைந்தது. வைப்பவர்கள் எல்லாம் பெரிய படிப்புப் படித்தவர்கள்தான், பாவம்.

சிப்பைப் பொருத்தியிருந்த சோதனை இயந்திரத்தின் மேல் முதல் பையைக் கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் ஆ-ஹுவெய் வைத்தான். மறுநாளும் ஒளி பாதியில் நின்றது. ஒன்று போதவில்லை போலிருக்கிறது என்று யாரோ இன்னொன்று வைத்தார்கள். அப்புறம் ஆளாளுக்குச் சத்தமில்லாமல் செருகினார்கள். இதெல்லாம் மூடநம்பிக்கை என்று முணுமுணுத்துக்கொண்டே மேனேஜர் கூவும் ஒன்றைச் செருகிவிட்டுப் போனார். பைகள் ஏற ஏற, ஒளி இன்னும் சீக்கிரமாகவே நின்றது.

சூ-சென்னும் இன்று ஒன்று வாங்கி வந்திருந்தாள். மேலே இடமில்லாததால் இயந்திரத்தின் பின்பக்கம் கையை விட்டாள். அங்கே இருந்த பை, ஆவியில் வெந்த பன் மாதிரி உப்பிச் சுட்டது. இயந்திரத்தைக் குளிர்விக்கும் விசிறியின் வாயையே பைகள் அடைத்திருந்தன.

“ஆ-ஹுவெய், பக்தி முத்திப்போய் இதுக்கு மூச்சு முட்ட வச்சிருக்கோம்டா.”

“எடுக்கச் சொல்லாதீங்க அக்கா. போன வருஷம் பக்கத்து லேப்ல ஒருத்தன் பசி தாங்காம ஒரு பையைப் பிரிச்சான். அன்னிக்கே கரண்ட் போச்சு.”

“அன்னிக்குப் புயல்டா.”

“புயல் ஏன் அன்னிக்குப் பார்த்து வந்துச்சு? யோசிங்க.”

சூ-சென் ஒரு பையின் தேதியைப் பார்த்தாள். எடுக்க அவளுக்கும் உள்ளூரப் பயம்தான். தேதி முடிந்த பை என்றால் மரியாதையாக எடுத்துவிடலாம். இவற்றுக்கோ இன்னும் மாதக்கணக்கில் ஆயுசு இருந்தது. பைகளை வேலையை விட்டுத் தூக்கத்தானே கூடாது, இடம் மாற்றினால் என்ன?

இயந்திரத்தின் பக்கம் குனிந்தாள். “கோவிச்சுக்காதே ராஜா. உன்னைவிட அடம்பிடிக்கிறவர் ஒருத்தர் இருக்கார். அவருக்குத்தான் அனுப்புறேன்.”

முன்பக்கம் ஒரே ஒரு பையை விட்டுவிட்டு, மற்றதையெல்லாம் இருவருமாக அள்ளிக்கொண்டுபோய் மேனேஜர் கூவின் மேஜையைச் சுற்றிக் கோட்டைச்சுவர் போல அடுக்கினார்கள்.

வாடிக்கையாளர்கள் வந்தபோது வளையம் குளிர்ந்திருந்தது. ஒளி உள்ளே போனது, சுற்றியது, நிற்கவே இல்லை. வழக்கமாக நடுவில் புகுந்து எல்லாருடைய பேச்சையும் தானே பேசிவிடும் மேனேஜர் அன்றைக்கு வாயே திறக்காமல், கைகட்டி ஓரமாக நின்றார். சூ-சென் முதல்முறையாக ஒரு வாக்கியத்தைத் தொடங்கி, முடிக்கவும் செய்தாள்.

வாடிக்கையாளர்கள் போன பிறகு மேனேஜர் தொண்டையைச் செருமினார். திட்டம் அடுத்த வருஷமும் நடக்கட்டும் என்றார். வாசல் வரை போனவர் திரும்பிப் பார்த்தார்.

“என் மேஜையில இருக்கிறதை யாரும் எடுத்துடாதீங்க. எனக்கும் இன்னிக்குக் கொஞ்சம் நல்லாத்தான் இருக்கு.”